உப்புக் காற்றில் ஒரு ஜொயின்ட்: எங்கட சைக்கிள் வெளிச்சத்தின் வரலாறு

யுத்தகாலத்தைப் பற்றி வீட்டில் பேச்சு எழும்பினால் சைக்கிள் டைனமோ வராமல் அந்தப் பேச்சு முடியாது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, ரேடியோவில் இரவுச் செய்தி கேட்ட கதை. நாங்கள் எல்லாரும் 2000க்குப் பிறகு பிறந்த ஆட்கள், ஆனாலும் அந்தக் கதை எங்களுக்கு மனப்பாடம். கவிதைகளில் வந்துவிட்டது, ஓவியங்களில் வந்துவிட்டது, நினைவுக் கட்டுரைகளில் கணக்கில்லாமல் வந்துவிட்டது. கதை நல்ல கதைதான். ஆனால் அதில் ஒரு சாமான் எப்பவும் விடுபட்டுப் போகுது. டைனமோவில் இருந்து பல்புக்கோ ரேடியோவுக்கோ போகிற வயர், அந்த வயரைப் பொருத்துகிற இடம். கடைக்காரர்கள் அதை ‘ஜொயின்ட்’ என்பார்கள். டைனமோ லேசில் பழுதாகாது. அது ஒரு காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும், அவ்வளவுதான். பழுதாகிறது ஜொயின்ட். திருகோணமலையில் அது இன்னும் கெதியாகப் பழுதாகும்.

ஏன் என்று ஊரை அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நகரத்தின் ஒரு பக்கம் உள்துறைமுகம், மறுபக்கம் டச்சு விரிகுடா, இன்னொரு பக்கம் பின் விரிகுடா. கோட்டை வாசலில் இருந்து எந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்பினாலும் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடும். ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரைக்கும் வடகீழ்ப் பருவக்காற்று மழையையும் உப்பையும் சேர்த்துக்கொண்டு வரும். பிரேக் கம்பி, செயின், ஸ்போக்ஸ் எல்லாம் துருப்பிடிக்கிறது கண்ணுக்குத் தெரியும். வயருக்குள் நடக்கிறது தெரியாது. வெளியே பிளாஸ்டிக் உறை புதுசு போல இருக்கும். உள்ளே செம்பு கறுத்துப் பச்சைக் களிம்பு பிடித்து, தொட்டால் பொடிப்பொடியாக உதிரும்.

பழைய டைனமோவின் கணக்கு எளிமையானது. 6 வோல்ட், 3 வாட். அதாவது அரை அம்பியர் மின்னோட்டம். அதில் முன்விளக்குக்கு 2.4 வாட், பின்விளக்குக்கு 0.6 வாட். இவ்வளவு சின்ன மின்சாரத்தில் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. துருப்பிடித்த ஜொயின்ட் ஒன்று இரண்டு ஓம் தடையைக் கொண்டுவந்தால் ஆறில் ஒரு வோல்ட் அங்கேயே போய்விடும், பல்பு மஞ்சளாகி மின்மினி மாதிரி ஆகிவிடும். இதைவிட மோசமான விஷயம் ஒன்று இருக்கு. செலவைக் குறைக்க அந்தக் காலத்து டைனமோக்களுக்கு ஒரே ஒரு வயர்தான் போட்டார்கள். மின்சாரம் திரும்பி வருவது சைக்கிளின் இரும்புச் சட்டத்தின் வழியாக. டைனமோவைப் பிடித்திருக்கிற கிளிப்பில் கூர்மையான ஒரு திருகாணி இருக்கும். அது பெயின்ட்டைக் குத்திக்கொண்டு உள்ளே போய் இரும்பைத் தொடவேண்டும். இங்கிலாந்துச் சாரல் மழைக்கு அது போதும். இங்கே அந்தத் திருகாணி குத்தின ஓட்டை வழியாக உப்பு இறங்கி, இரும்புக்கும் திருகாணிக்கும் நடுவில் துரு படையாக வளரும். துரு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. பல்பு நல்லது, டைனமோ நல்லது, வயர் நல்லது, வெளிச்சம் மட்டும் இல்லை. வீடுகளில் மிஞ்சிக் கிடக்கிற பழைய ரலி சைக்கிள்களைப் பார்த்தால் சிலதில் நிறம் மாறின இரண்டாவது வயர் ஒன்று ஓடும். தொழிற்சாலை போட்டது இல்லை அது. சட்டத்தை நம்பாத யாரோ ஒரு சைக்கிள் கடைக்காரர் போட்டது.

சைக்கிள் விளக்குக்கும் துறைமுகத்துக்கும் உள்ள சொந்தம் இன்னும் பழையது. சைக்கிள் விளக்கு என்றவுடன் பெரியாக்கள் சொல்கிற பெயர் லூக்காஸ். பேர்மிங்ஹாமில் தெருத்தெருவாக மண்ணெண்ணெய் விற்ற ஜோசப் லூக்காஸ் தொடங்கின கம்பனி அது. 1870களில் அவர்கள் செய்தது கப்பல் விளக்குகள். காற்றிலும் நீர்த்திவலையிலும் அணையாத விளக்கைச் செய்யத் தெரிந்தவர்கள்தான் பிறகு சைக்கிளுக்கும் செய்தார்கள். நடுவில் கார்பைட் விளக்கு வந்தது. கல்சியம் கார்பைட்டில் தண்ணீர் சொட்டுச்சொட்டாக விழ, அசிற்றலீன் வாயு வந்து எரியும். தண்ணீரைக் கண்டு பயப்படாத ஒரே சைக்கிள் விளக்கு அதுதான், தண்ணீர் இல்லாவிட்டால் அது எரியவே எரியாது! மின்சாரம் வந்தபிறகு இந்தச் சொகுசு போய்விட்டது.

மின்சாரத்தையும் தண்ணீரையும் பிரித்து வைக்கிற வேலையை உலகம் முதலில் கற்றது கடலுக்கு அடியில். 1851இல் டோவருக்கும் கலேக்கும் இடையில் தந்திக் கம்பி போட்டபோது அதற்கு உறையாக இருந்தது மலாயா, போர்னியோ பக்கத்துக் காட்டு மரங்களின் பால், கட்டாபெர்ச்சா. கேபிள் கம்பனிகளின் பசிக்கு அந்தக் காடுகள் வெட்டி அழிந்தன. 1876இல் பிரேசிலில் இருந்து ஹென்றி விக்ஹம் கொண்டுபோன இறப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அந்தக் கன்றுகளில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் அளவில் இலங்கைக்கு வந்து கம்பஹாவில் ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. 1888இல் டன்லப் காற்றடித்த ரயரைச் செய்தார், சைக்கிள் உலகம் பெருத்தது, இலங்கையில் இறப்பர்த் தோட்டங்கள் பரவின. அங்கே பால்வெட்டினவர்களில் பெரும்பகுதி தென்னிந்தியாவில் இருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர். இவ்வளவு தூரம் ஏன் போகிறோம் என்றால், எங்கட ஊரில் வயர் ஜொயின்ட்டுக்குத் தண்ணீர் போகாமல் இருக்கச் சுற்றினது இந்த இறப்பரைத்தான். பஞ்சர் ஒட்ட ஏலாமல் போன ரியூப்பை மெல்லிய நாடாவாக வெட்டுவார்கள். கம்பியை முறுக்கி, அதற்கு மேல் நாடாவை நன்றாக இழுத்து இழுத்து, ஒன்றின் மேல் பாதி மற்றது ஏறும்படி சுற்றுவார்கள். இழுத்த இறப்பர் சுருங்கப் பார்க்கும், அந்த இறுக்கம்தான் தண்ணீரைத் தடுக்கிறது. மேலால் கொஞ்சம் சொலூஷன். இன்சுலேஷன் ரேப் சூட்டில் பசை இளகிக் கழன்றுவிடும், ரியூப் நாடா கழலாது. இதை மலிவான குறுக்குவழி என்று நினைக்கக் கூடாது. ஒரு முழுத் தொழில்நுட்பம் இது.

இனி 1990. ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்க, வடக்கில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களுக்கு அரசாங்கம் பொருளாதாரத் தடை போட்டது. பெற்றோல், சீமெந்து, உரம், இன்னும் நீளமான பட்டியல். அதில் பற்றரியும் இருந்தது. ரோச் லைட்டுக்குப் போடுகிற சாதாரணப் பற்றரி. யாழ்ப்பாணத்தில் தேசிய மின்சாரமும் அற்றுப்போனது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுச் சின்னத் திரி போட்ட விளக்கில் ஒரு தலைமுறை படித்தது. பழைய பற்றரிகளை வெயிலில் காயவைத்து, பலதை வரிசையாகக் கட்டி, கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சினார்கள். பி.பி.சி. தமிழோசை கேட்க டைனமோவைச் சுற்றினார்கள். டைனமோ தருவது ஆடலோட்டம், ரேடியோ கேட்பது நேரோட்டம், ஆகவே நடுவில் டயோட்டுகளைப் பொருத்தினார்கள். பொருத்தின ஒவ்வொன்றும் ஒரு ஜொயின்ட்.

சோனி கம்பனி உலகத்தின் முதல் லிதியம் அயன் பற்றரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1991இல். அந்த வருஷம் யாழ்ப்பாணத்தில் ஒரு சோடி ரோச் பற்றரி வைத்திருக்கிறதே பெரிய விஷயம். இதைப் படித்த நாளில் எங்களில் ஒருத்தி, “உலக வரலாறு எண்டு படிக்கிறது ஆருடைய உலகம்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியை இங்கே அப்படியே விடுகிறோம்.

திருகோணமலையின் கதை யாழ்ப்பாணத்தின் கதை இல்லை. எங்கட இடத்தைப் பற்றி எழுதும்போதும் யாழ்ப்பாணக் கதையையே எழுதிவிடுகிற பழக்கம் எங்களுக்கும் இருக்கு. நகரம் அரசாங்கத்தின் கையில் இருந்தது. கடற்படைத் தளம், சீனன்குடா விமானத்தளம், எண்ணெய்த் தாங்கிகள் எல்லாம் இங்கேதான். கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் சம்பூர், ஈச்சிலம்பற்றுப் பகுதிகள் நீண்ட காலம் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் சோதனைச் சாவடிகள். ஆகவே நகரத்தில் பற்றரி கடையில் இருக்கும், வாங்கலாம். அதைக் கொண்டு எங்கே போகிறாய் என்பதுதான் கேள்வி.

இங்கே சைக்கிள் வெளிச்சத்துக்கு வேறொரு அர்த்தம் இருந்தது. சாவடிக்குக் கிட்டப் போனால் இறங்கி உருட்ட வேண்டும். டைனமோ சக்கரம் சுற்றினால்தான் வேலை செய்யும். உருட்டுகிற வேகத்தில் பல்பு மங்கும், நின்றால் அணைந்துவிடும். வெளிச்சம் ஆகத் தேவையான இடத்தில், துவக்கோடு நிற்கிறவருக்கு உன் முகம் தெரியவேண்டிய இடத்தில், டைனமோ சைக்கிள் இருட்டாகிவிடும். எதிரே அவருடைய ரோச் வெளிச்சம் மட்டும் கண்ணைக் கூசும். பற்றரி விளக்கு என்றால் இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் பற்றரி விளக்கு என்றால் சைக்கிள் சட்டத்தில் ஒரு பொதி, அதிலிருந்து வயர், வயரைச் சுற்றிக் கறுத்த ரியூப் நாடா. ‘சைக்கிள் குண்டு’ என்ற சொல் பத்திரிகையில் அடிக்கடி வந்த காலம் அது. தண்ணீர் போகாமல் நல்லாய்ச் சுற்றின ஜொயின்ட்டும் குண்டின் வயரும் தூரத்தில் நின்று பார்க்கிறவருக்கு ஒரே மாதிரித்தான் தெரியும். 2006 ஏப்ரல் 12இல் மரக்கறிச் சந்தையில் குண்டு வெடித்து, அதற்குப் பிறகு தமிழர்களுடைய கடைகளும் வீடுகளும் எரிந்த நாட்களில், சைக்கிளில் என்ன கட்டியிருக்கு என்பது உயிர்ப் பிரச்சினை. எங்கட வீடுகளில் பெரியாக்கள் சொல்கிறது இதுதான்: விளக்கே வேண்டாம் என்று கழற்றி வைத்தோம், இருட்டுக்கு முதல் வீட்டுக்கு வந்துவிடுவோம். மாலை ரியூஷன் வகுப்புகள் நேரத்தோடு முடிந்தன. பெண்பிள்ளைகளுக்கு முதலில் நின்றுபோனது அந்த வகுப்புகள்தான்.

எங்கள் பார்வையில், டைனமோ கதையைத் திறமையின் கதையாக மட்டும் சொல்லும்போது மறைந்துபோவது இது. வெளிச்சத்தைச் செய்யத் தெரிந்திருந்தும், அதைப் பொருத்த ஆட்களும் சாமானும் இருந்தும், வெளிச்சத்தோடு றோட்டில் போக ஏலாமல் இருந்த ஒரு மாவட்டம்.

உப்பு இன்னொரு வழியாகவும் ஏறியது. கிண்ணியாவுக்குப் போகிறவர்கள் சைக்கிளை ‘பாதை’யில் ஏற்றினார்கள். மூதூருக்குப் போகிறவர்கள் லோஞ்சில். கொட்டியாரக் குடாவில் காற்று எழும்பினால் அலைத் திவலை ஏறி ஆட்களும் சைக்கிளும் நனையும். மழையில் நனைந்த வயர் காயும். கடலில் நனைந்த வயர் காய்ந்தமாதிரி இருக்கும், உள்ளே உப்பு நிற்கும், காற்றில் இருக்கிற ஈரத்தைத் திரும்பத் திரும்ப இழுக்கும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது, பாதை நின்றது. பாலத்தைப் பற்றி எழுதினவர்கள் ஆட்களையும் வாகனங்களையும் எண்ணினார்கள். சைக்கிள்களுக்குக் கிடைத்த லாபத்தை யாரும் எண்ணவில்லை.

2002 தொடக்கத்தில் தடை தளர்ந்தபோது பற்றரி எல்லா இடமும் வந்தது. கொஞ்சக் காலத்தில் சைக்கிள்கள் குறைந்து மோட்டார் சைக்கிள்கள் கூடின, டைனமோக்கள் பழைய இரும்புக்காரனிடம் போயின. பிறகு 2022. மார்ச் 31இல் 13 மணித்தியால மின்வெட்டு. ஜூன் கடைசியில் அத்தியாவசியச் சேவைகளுக்குத் தவிர எரிபொருள் விற்பனையையே நிறுத்தினார்கள். சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டின 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன, அதே வருஷம் ஜனவரியில்தான் அதைப் பற்றி இந்தியாவோடு ஒப்பந்தமும் எழுதினார்கள், நாங்கள் பெற்றோல் வரிசையில் நின்றோம். சிரிக்கிறதா என்று தெரியவில்லை. சைக்கிள் விலை மடங்காக ஏறியது. வீட்டுக்குப் பின்னால் கிடந்ததெல்லாம் எண்ணெய் போட்டு வெளியே வந்தது. ஆனால் டைனமோ இல்லை. இந்தமுறை எல்ஈடி விளக்கும் லிதியம் பற்றரிப் பொதியும். பழைய லப்டொப்பில் இருந்து கழற்றின செல்லுகளும் அதில் சேர்த்தி.

அந்த மாரியில்தான் பழைய பிரச்சினை புதுசாக வந்தது. டைனமோவின் ஆடலோட்டம் வினாடிக்குப் பல தடவை திசை மாறும். பற்றரி தருவது ஒரே திசையில் ஓடுகிற நேரோட்டம். உப்புத்தண்ணீர் பட்ட ஜொயின்ட்டில் நேரோட்டம் ஓடினால் அது பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் செய்த மின்பகுப்பு. பிளஸ் பக்கத்துச் செம்பு கரைந்துகொண்டே போகும். விளக்கை அணைத்தாலும் பற்றரியில் இருந்து ஆளி வரைக்கும் அழுத்தம் நிற்குது தானே, ஆகவே இரவு முழுக்கச் சைக்கிள் சும்மா நிற்கும்போதும் அது கரையும். தாத்தாவின் ஜொயின்ட் மாதக்கணக்கில் நின்றது, எங்களுடையது கிழமைக்கணக்கில் போனது.

பிறகு ‘வாட்டர்புரூஃப்’ கனெக்டர் வாங்கினோம். ஆண், பெண் என்று இரண்டு பாதி, நடுவில் இறப்பர் வளையம், திருகினால் இறுகும். உறையில் ‘ஐபி 67’ என்று போட்டிருக்கும். முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரை மணித்தியாலம் கிடந்தாலும் கெடுதல் வரக்கூடாது. ஆனால் அந்தச் சோதனை நடப்பது நன்னீரில். உப்புக்கு வேறு சோதனை, வேறு தரம், நூற்றுக்கு ஐந்து பங்கு உப்புக் கரைசலை 35 பாகை சூட்டில் புகையாகத் தெளித்துப் பார்ப்பார்கள். மலிவான கனெக்டரின் உறையில் அதைப் பற்றி ஒரு எழுத்தும் இருக்காது. ‘தண்ணீர்’ என்றால் எந்தத் தண்ணீர் என்பதை எங்கேயோ உள்ள ஒரு ஆய்வுகூடம் தீர்மானித்துவிட்டது. எங்கட தண்ணீர் அதில் இல்லை.

அதனால் கடையில் வாங்கினதோடு ரியூப் நாடாக்காரரின் அறிவையும் சேர்க்க வேண்டியிருக்கு. சொலுடர் வைத்த இரண்டு வயர்களின் ஜொயின்ட்டும் ஒரே இடத்தில் வராமல் ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே தள்ளி வைக்கிறோம். உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயைச் சூடாக்கி மூடுகிறோம். பசை இல்லாததும் கிடைக்கும், அது தண்ணீரைத் தடுக்காது. கனெக்டரின் ஊசிகளில் கொஞ்சம் வசலீன். கனெக்டருக்குக் கீழே வயரை ஒரு தொங்கலாக வளைத்து விட்டால் மழைத்தண்ணீர் அதில் இறங்கிச் சொட்டிப்போகும், உள்ளே நடக்காது. இந்தத் தொங்கல் முக்கியம், ஏனென்றால் பல இழை வயர் திரி மாதிரித் தண்ணீரை உறிஞ்சும். நுனியில் பட்ட உப்பு உறைக்குள்ளே விரல் நீளத்துக்கு மேலேயும் ஏறிவிடும். பகல் முழுக்க வெயிலில் சூடான பெட்டி திடீர் மழையில் குளிரும்போது உள்ளே இருக்கிற காற்று சுருங்கி வெளியே உள்ள தண்ணீரை இழுக்கும், ஆகவே பற்றரிப் பெட்டியை முழுக்க அடைக்காமல் அடியில் சின்ன ஓட்டை விடுகிறது நல்லது. சிலிக்கோன் பூசுகிறவர்கள் மணந்து பார்க்கவும். குளியலறைக்குப் போடுகிற சிலிக்கோனில் வினாகிரி வாசம் வரும். அது அசற்றிக் அமிலம், தண்ணீரைத் தடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு தானே செம்பைத் தின்னும். வாசம் இல்லாத வகை கொஞ்சம் விலை கூட.

இதில் பாதி எங்களுக்குப் புத்தகத்தில் கிடைத்தது. மீதியைச் சொல்லித் தந்தவர்கள் மீன்பிடிப் படகுகளில் விளக்குப் பொருத்துகிறவர்களும், பஞ்சர் ஒட்டுகிறவர்களும். அவர்களுக்கு இதை எழுதிவைக்கிற பழக்கம் இல்லை. யுத்தகாலத்தில் ரியூப் நாடாவை எங்கே இறுக்குவது, எங்கே தளர்த்துவது என்று தெரிந்தவர்கள் பலர் இப்போது வயது போனவர்கள். வாய்மொழி வரலாறு சேகரிக்கப் போகிற நண்பர்கள், சம்பூரில் இருந்து 2006இல் இடம்பெயர்ந்து வருஷக்கணக்கில் முகாமில் இருந்தவர்களிடம் போனால், எத்தனையாம் திகதி என்ன நடந்தது என்று கேட்டபிறகு, சைக்கிளில் விளக்கு இருந்ததா, அதற்கு வயர் எங்கே வாங்கினீர்கள், சாவடியில் அதைக் கழற்றச் சொன்னார்களா என்றும் கேளுங்கோ. ஏலுமென்றால் ஒரு துண்டுப் பழைய ரியூப்பையும் இரண்டு வயரையும் கொண்டு போங்கோ. கை நினைவு வைத்திருக்கிறதை வாய் சொல்லாது, செய்து காட்டும்போது வீடியோ எடுக்கலாம்.

நாங்கள் இதுவரைக்கும் மூன்று பேரிடம் அப்படிக் கேட்டிருக்கிறோம். மூன்று பேரும் மூன்று விதமாகச் சுற்றினார்கள். இரண்டு பேர் வலமாக, ஒருவர் இடமாக, “மழை வாற பக்கத்தைப் பாத்துச் சுத்தோணும்” என்று சொல்லி.